அத்தானின் டிரைமரான்

அத்தானுக்காக நான் வரையும் டிரைமரானில், அதாவது மூன்று உடல் கொண்ட பாய்ப்படகில், அவர் கேட்டது மூன்று. வள்ளம் வேகமாகப் போக வேண்டும். வாரக்கணக்கில் கடலில் கிடந்தாலும் உடம்பு நோகக் கூடாது. செலவும் கையைக் கடிக்கக் கூடாது. பல உடல் கொண்ட பாய்ப்படகுகளை வரைவதில் பெரிய கையான, மறைந்த அமெரிக்கர் டிக் நியூவிக் இதே மூன்றைத்தான் வரிசையாகச் சொல்வார். சொல்லிவிட்டு, இரண்டை எடுத்துக்கொள், மூன்றாவதை மறந்துவிடு என்பார். இதை அத்தானிடம் சொன்னேன். எஞ்சின் அறையிலேயே காலம் தள்ளிய கப்பல்காரர் அவர். முடியாது என்று யாராவது சொன்னால், ஏன் முடியாது என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவார். அந்தத் தாளில் எழுதியவைதான் இந்தப் பதிவு.

என் தொழில் படகு வரைவது. மீன்பிடி வள்ளம், சுற்றுலாப் படகு, எப்போதாவது ஒரு ரோந்துப் படகு. முட்டத்துக்காரி. அப்பா பிளைவுட் வள்ளம் கட்டுகிறவர். 1980களில் பியர் ஜில்லே போன்ற பொறியாளர்கள் எங்கள் ஊரில் பிளைவுட் வள்ளம் கட்டக் கற்றுக்கொடுத்தபோது கூட நின்று பழகிய தலைமுறை. பலகையை வெட்டி, விளிம்போடு விளிம்பு கம்பியால் தைத்து, மூட்டில் கண்ணாடி இழைத் துணியும் ரெசினும் வைத்து ஒட்டும் வேலை அவருக்குக் கைப்பாடம். ஆக வரைய நான் இருக்கிறேன், கட்ட அப்பா இருக்கிறார், பணம் போட அத்தான் இருக்கிறார். அக்காவுக்கு மட்டும் இதில் பாதி நம்பிக்கைதான்.

போக நினைக்கும் வழி குளச்சலிலிருந்து லட்சத்தீவின் மினிக்காய். அதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அது தனிக் கதை. அங்கிருந்து மாலத்தீவு, உடம்பு ஒத்துழைத்தால் சேஷல்ஸ் வரை. முதல் துண்டையே எடுத்துக்கொள்வோம். குளச்சல் - மினிக்காய் நேர்கோட்டில் சுமார் 250 கடல் மைல். 5 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 5 கடல் மைல் போனால் 50 மணி நேரம், அதாவது கடலில் இரண்டு இரவு. சராசரி 8 நாட் என்றால் 31 மணி நேரம். விடியற்காலை கிளம்பினால் மறுநாள் நண்பகலில் தீவு கண்ணில் படும், நடுவில் ஒரே ஓர் இரவு. வேகம் பந்தயக்காரர்களுக்குத்தான், நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முழித்திருந்து காவல் பார்க்க வேண்டிய இரவு ஒன்று குறைகிறது. குமரிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது என்று செய்தி வந்தால் விலகி ஓடவும் முடிகிறது. வசதி என்ற கணக்கில் வேகத்தையும் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

சரி, ஏன் மூன்று உடல்? ஒற்றை உடல் பாய்ப்படகு நிமிர்ந்து நிற்பது அடியில் தொங்கும் ஈயத்தாலோ இரும்பாலோ. 38 அடிப் படகு என்றால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இந்த அடிப்பாரமாகவே இருக்கும். அந்த எடையைத் தாங்க உடல் பருத்தாக வேண்டும். பருத்த உடல் தண்ணீரைப் பிளக்கும்போது முன்னால் ஓர் அலை, பின்னால் ஓர் அலை எழுப்பி, அந்த இரண்டுக்கும் நடுவிலேயே மாட்டிக்கொள்ளும். நீர்மட்ட நீளம் 36 அடி என்றால் அதன் வர்க்கமூலம் 6, அதை 1.34 ஆல் பெருக்கினால் சுமார் 8 நாட். அதற்கு மேல் எவ்வளவு பாய் விரித்தாலும் அலைதான் பெரிதாகும், வேகம் கூடாது. உடலை மெலிதாக்கினால் இந்தச் சிறை இல்லை. நீளம் அகலத்தைப் போல் எட்டு, ஒன்பது மடங்கு இருந்தால் எழும் அலை சின்னது. வள்ளம் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் அவ்வளவு மெலிந்த உடல் தனியாக நிற்காது, சாய்ந்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் தள்ளி ஆளுக்கொரு மிதவை. டிரைமரான் என்பது அவ்வளவுதான்.

நான் வரைந்திருப்பது 11.6 மீட்டர் நீளம், முழு அகலம் 8.2 மீட்டர். நடு வள்ளம் நீர்மட்டத்தில் 1.25 மீட்டர்தான் அகலம், நீளத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு எடை 4,200 கிலோ. வெறும் வள்ளம் 3,000.

வடிவத்தை முதலில் பார்த்தபோது அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். “இது வள்ளமா, கல்யாணப் பந்தலா மக்களே? நாலு கால் நட்டு நடுவுல ஆளை உட்கார வச்சிருக்க.”

இரண்டு உடல் போதாதா என்று அத்தானும் கேட்டார். இரண்டு உடல் கொண்ட கேட்டமரானில் இடம் தாராளம். உல்லாசப் படகு வாடகைக்கு விடுகிறவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் அதன் ஆட்டம் எனக்குப் பிடிக்காது. எடை முழுவதும் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்திருப்பதால், பக்கவாட்டில் வரும் அலையின் முதுகு எப்படிச் சாய்கிறதோ அப்படியே அதுவும் அந்தக் கணமே சாயும், அந்தக் கணமே நிமிரும். வெடுக், வெடுக். சாயும் அளவு கொஞ்சம்தான், ஆனால் அந்த வெடுக்கில்தான் தலை சுற்றும், கையில் இருக்கும் தேநீர் சிந்தும். டிரைமரானில் எடை நடுவில் ஒரு மெல்லிய உடலில் இருக்கிறது. பக்க மிதவைகள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. அலை வந்து மிதவையைத் தூக்கப் பார்க்கும். மிதவை கொஞ்சம் அமிழ்ந்த பிறகுதான் அதன் தூக்கு விசை முழுதாக வரும். அதற்குள் அலை பாதி கடந்திருக்கும். ஆட்டம் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும். பாய் விரித்துப் போகும்போது காற்று தள்ளுகிற பக்கத்து மிதவை அமிழும், மறுபக்கத்து மிதவை மேலே நிற்கும், வள்ளம் 10 பாகை அளவுக்குச் சாய்ந்து அப்படியே ஓடும். ஒற்றை உடல் படகில் இதே காற்றுக்கு 20 பாகை சாய்வு சாதாரணம். 10 பாகையில் அடுப்பில் மீன்கறி கொதிக்கும், சட்டி இடத்தை விட்டு நகராது.

ஆக என் கருத்து இது: கடலில் வசதி என்பது இடமில்லை, ஆட்டம். அந்த ஆட்டத்தை முடிவு செய்வது மிதவையின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே இருக்கும் சில சென்டிமீட்டர்.

இந்தச் சென்டிமீட்டரைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நடு வள்ளம் தண்ணீரை வெட்டும் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர். அதன்படி 100 கிலோ ஏற்றினால் வள்ளம் 1 சென்டிமீட்டர் அமிழும். முழுச் சுமையோடு நிற்கும்போது இரண்டு மிதவைகளின் அடியும் நீருக்கு மேல் 5 சென்டிமீட்டர் இருக்கும்படி வரைந்திருக்கிறேன். அதைவிட உயரமாக வைத்தால் நங்கூரம் போட்டு நிற்கும்போது ஒரு மிதவையிலிருந்து மறு மிதவைக்கு டொக், டொக்கென்று சாய்ந்துகொண்டே இருக்கும், இரவில் தூக்கம் வராது. தாழ்வாக வைத்தால் இரண்டு மிதவையும் எப்போதும் தண்ணீரில் கிடக்கும். இழுவை கூடும், ஆட்டம் அந்த வெடுக்குக்குத் திரும்பிவிடும். 500 கிலோ கூடுதலாக ஏறினால் போதும், அந்த 5 சென்டிமீட்டர் காலி. வேகமும் போச்சு, சொகமும் போச்சு.

பாட்டாவுக்கு இதெல்லாம் கணக்குப் போடாமலே தெரிந்திருக்கிறது. கட்டுமரம் கரையேறியதும் கட்டை அவிழ்த்து ஒவ்வொரு மரத்தையும் மணலில் தனித்தனியே காயப் போடுவார்கள். தண்ணீர் குடித்த மரம் கனக்கும், ஓட்டம் மந்தமாகும்.

இனி அக்காவிடம் வருவோம். அவளும் கூட வருகிறாள், குறைந்தது மாலத்தீவு வரை. அவள் எழுதிக் கொடுத்த பட்டியலில் குளிர்சாதனப் பெட்டி, கிரைண்டர், இரண்டு காஸ் சிலிண்டர், துணி துவைக்கும் இயந்திரம், ‘நல்ல மெத்தை’ எல்லாம் இருந்தன. துவைக்கும் இயந்திரத்தை மட்டும் பேச்சில்லாமல் அடித்தேன். மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தோம். வீட்டில் அக்கா சமையல் காஸ் என்று பயன்படுத்தும் 14.2 கிலோ சிலிண்டர், இரும்புக் கூட்டோடு சேர்த்தால் சுமார் 30 கிலோ. அத்தான் உடனே 5 கிலோ சிலிண்டருக்கு மாறச் சம்மதித்துவிட்டார். தண்ணீர்தான் பெரிய பேச்சு. நான்கு பேர், ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் என்றாலும் மூன்று வாரத்துக்கு 420 லிட்டர், அதாவது 420 கிலோ. கடல்நீரைக் குடிநீராக்கும் சின்ன இயந்திரம் வைத்து, தொட்டியை 200 லிட்டரோடு நிறுத்தினோம். இயந்திரம் மக்கர் பண்ணினாலும் அந்த 200 லிட்டரில் கரை சேர முடிய வேண்டும். இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும், அதற்குச் சூரியத் தகடு, லித்தியம் பேட்டரி. ஈய பேட்டரியை அத்தான் கேட்கவே வேண்டாம் என்றார், எடையைப் பார்த்துத்தான். கிரைண்டருக்குப் பதில் மிக்ஸி. அக்காவுக்கு மிக்ஸியில் அரைத்த மாவு மாவே இல்லை. அந்த ஒன்றில் நான் தலையிடவில்லை, அது அவர்கள் வீட்டுச் சண்டை.

இடம் ரொம்பக் குறைவு என்று நினைக்க வேண்டாம். நீர்மட்டத்தில் 1.25 மீட்டர் இருக்கும் உடல், 65 சென்டிமீட்டர் மேலே வந்ததும் ஒரு படி வைத்து 2.4 மீட்டராக விரிகிறது. படுக்கையும் இருக்கையும் அந்த விரிவில்தான். கால் வைத்து நடக்க நடுவில் குறுகிய வழி, தலைக்கு மேல் 1.88 மீட்டர். படியை இன்னும் தாழ்த்தினால் இடம் கூடும், ஆனால் அலை அந்தப் படியின் அடியில் வந்து அறையும். அந்தச் சத்தத்தில் படுத்துத் தூங்க முடியாது. அத்தானின் படுக்கையை அணியத்தில், அதாவது முன்முனையில் போட்டிருந்தால் அறை பெரிதாகத் தெரியும். ஆனால் வள்ளம் முன்னும் பின்னுமாகக் குதிக்கும்போது அதிகம் தூக்கிப் போடும் இடம் அணியம். நடுப்பகுதியில் பாய்மரத்துக்குப் பக்கத்தில் ஆட்டம் குறைவு. அதனால் படுக்கையும் சமையலும் நடுவில், பாயும் கயிறும் நங்கூரமும் ஓரத்தில். 1970களில் பிரபலமான ஜிம் பிரவுனின் சீரன்னர் டிரைமரான்களில் ஓட்டுகிறவர் உட்காரும் குழியையே நட்டநடுவில் வைத்திருப்பார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் அப்படி வைத்தால் உள்ளே இரண்டு துண்டாகிவிடும், அக்கா சமைத்துக்கொண்டே பேச ஆளிருக்காது. அதனால் குழியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன்.

மிதவைகளுக்கும் நடு வள்ளத்துக்கும் இடையே பிளைவுட் தளம் போட்டு மூடுவதா, வலை கட்டுவதா என்ற கேள்வி ஒரு காலத்தில் பெரிய சண்டையாக இருந்திருக்கிறது. 1960களில் ஆர்தர் பைவர் வரைந்த டிரைமரான்களில் மூடிய சிறகுதான் இருக்கும். வீட்டுக் கொல்லையில் சாதாரண ஆட்கள் கட்டிக் கடல் கடக்கலாம் என்று காட்டிய மனிதர் அவர், 1960-இல் தானே அட்லாண்டிக்கைக் கடந்தார். அந்த மூடிய சிறகின் அடியில் அலை அறையும், வள்ளம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டால் காற்றும் அதன் அடியில் புகுந்து தள்ளும். இன்று பெரும்பாலும் வலைதான். தண்ணீர் வந்தால் வந்த வழியே போய்விடும். வலைக்கு நம்ம ஊரில் பஞ்சமா என்றார் அப்பா. இந்தப் படம் முழுவதிலும் அவர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

இனிக் கவிழும் விஷயம். இதைச் சொல்லாமல் டிரைமரான் பற்றிப் பேசுவது நியாயமில்லை. ஒற்றை உடல் படகு சாய்ந்தால் அடிப்பாரம் நிமிர்த்திவிடும், ஓட்டை விழுந்தால் அதே பாரம் அடியில் இழுத்துக்கொண்டு போய்விடும். டிரைமரான் எளிதில் சாயாது. ஆனால் ஒரு எல்லையைத் தாண்டிக் கவிழ்ந்தால் தானாக நிமிராது, மூழ்கவும் மூழ்காது. அந்த எல்லை எங்கே என்று பார்க்க வேண்டும்.

காற்று தள்ளித் தள்ளி, முழு எடையும் ஒரே மிதவை மேல் ஏறி, நடு வள்ளம் தண்ணீரை விட்டுக் கிளம்பும் நொடிதான் எல்லை. அப்போது எதிர்த்து நிற்கும் பலம், எடையை நடுக்கோட்டிலிருந்து மிதவை வரையுள்ள தூரத்தால் பெருக்கியது. 4.2 டன், 3.7 மீட்டர், சுமார் 15.5 டன்-மீட்டர். பாய் 75 சதுர மீட்டர், அதன் மேல் காற்று அழுத்தும் மையம் சுமார் 7.5 மீட்டர் உயரத்தில். வகுத்தால், பக்கவாட்டில் ஏறத்தாழ 2 டன் தள்ளினால் எல்லை வந்துவிடும். 75 சதுர மீட்டர் பாயில் 2 டன் தள்ள எவ்வளவு காற்று வேண்டும்? கணக்குப் போட்டால் மணிக்கு சுமார் 65 கிலோமீட்டர்.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்குக்கூட மனப்பாடமான எண் அது. குமரிக்கடல், மன்னார் வளைகுடா பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. சாமான் இல்லாமல் வெறும் 3,000 கிலோவில் ஓடினால் அதே கணக்கு 55-இல் வந்து நிற்கிறது. எடை குறைந்தால் ஓட்டமும் ஆட்டமும் நன்றாகும், ஆனால் எல்லை கிட்டே வரும். அதைச் சரிக்கட்டத்தான் அகலம். 8.2 மீட்டரை ஒரு கை குறைக்கலாமே என்று கேட்ட அத்தானுக்கு இந்தத் தாளைத்தான் காட்டினேன்.

இது அலை இல்லாத, குளத்துத் தண்ணீர்க் கணக்கு. அலை ஒரு பக்கம் தூக்கிக் கொடுத்தால் எல்லை இன்னும் முன்னால் வரும். நல்ல வேளையாக, காற்றின் விசை வேகத்தின் இருமடியில் வளர்கிறது. எனவே குறைவதும் அப்படியே. மணிக்கு 37 கிலோமீட்டர், அதாவது 20 நாட் காற்றில் விசை எல்லையின் மூன்றில் ஒரு பங்குதான். அந்தக் கட்டத்திலேயே பாயை முதல் சுருக்கு சுருக்கிவிட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். 40 சதுர மீட்டருக்குச் சுருக்கினால் மையமும் கீழே இறங்கும், எல்லை 100 கிலோமீட்டரைத் தாண்டிப் போய்விடும். டிரைமரானில் தொல்லை என்னவென்றால் அது சாய்ந்து எச்சரிக்காது. ஒற்றை உடல் படகு விளிம்பு தண்ணீரில் படும்வரை சாய்ந்து ‘போதும்’ என்று சொல்லும். இது 10 பாகையில் நின்றுகொண்டு வேகம் மட்டும் கூடிக்கொண்டே போகும். ஓட்டுகிறவர் காற்றுமானியைப் பார்த்துச் சுருக்க வேண்டும், உடம்பின் உணர்வை நம்பக் கூடாது. அத்தான் எஞ்சின் அறை மனிதர், மானியைப் பார்த்துத்தான் பழக்கம். அந்த வகையில் எனக்கு நிம்மதி.

இன்னொரு கவிழ்ப்பு முன்னால் குத்திக்கொள்வது. பின்காற்றில் வேகமாக இறங்கும்போது காற்றின் மறுபக்கத்து மிதவையின் அணியம் முன்னால் போகிற அலையில் புதைந்தால் வள்ளம் மூலைவாட்டில் புரளும். அதனால் மிதவையின் கொள்ளளவில் கஞ்சத்தனம் கூடாது. ஒவ்வொரு மிதவையும் முழு வள்ளத்தின் எடையைப் போல் ஒன்றரை மடங்கு தாங்கும், அதில் நல்ல பங்கு முன்பக்கத்தில் இருக்கிறது. முன்பு சிலர் சின்ன மிதவை வைத்தார்கள், அது அமிழ்ந்து எச்சரிக்கும் என்ற நினைப்பில். எனக்கு அந்த வாதம் ஒப்பவில்லை.

கவிழ்ந்தே விட்டால்? 1989-இல் நியூசிலாந்திலிருந்து டோங்காவுக்குக் கிளம்பிய ரோஸ் நோயல் என்ற டிரைமரான் புயலில் புரண்டது. நான்கு பேர் தலைகீழான வள்ளத்துக்குள்ளேயே 119 நாள் கிடந்தார்கள், கிரேட் பாரியர் தீவில் வள்ளம் ஒதுங்கியபோது நான்கு பேரும் உயிரோடு இறங்கினார்கள். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் கடற்கரையில் இந்தக் கதையைச் சொன்னால் யாரும் வியக்க மாட்டார்கள். கவிழ்ந்த வள்ளத்தின் முதுகைப் பிடித்துக்கொண்டு கிடந்து திரும்பியவர்கள் இங்கே இருக்கிறார்கள். பிடிக்க முதுகு கிடைக்காதவர்களின் வீடுகளும் இருக்கின்றன. அதனால் படத்தில் இந்தப் பகுதியை மட்டும் அப்பாவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து வரைந்தோம். நடு வள்ளத்தின் பக்கச் சுவரில் ஒரு மூடி, தலைகீழாகக் கிடக்கும்போது நீர்மட்டத்துக்கு மேலே வரும் இடத்தில். அடிப்பக்கம் முழுவதும் ஆரஞ்சு வண்ணம், அடியில் நெடுக்கக் கையால் பற்றிக்கொள்ளக் கயிறு. இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி, தண்ணீர் கேன், உடம்பை மூடிக்கொள்ளும் பை எல்லாம் அந்த மூடிக்குப் பக்கத்தில், தலைகீழானாலும் கைக்கு எட்டும்படி. மிதவை ஒவ்வொன்றிலும் நீர்புகாத தடுப்புச் சுவர்கள். மிதக்கும் மரத்தடியில் மோதி ஓர் அறை உடைந்தாலும் மற்றவை தாங்கும்.

பணம் போகும் இடம் பிளைவுட். அப்பா காலமெல்லாம் பயன்படுத்துவது மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர முத்திரை ஐ.எஸ். 710 போட்ட, கர்ஜன் மரத்தில் செய்த பிளைவுட். உழைப்பில் குறை சொல்ல முடியாது, ஆனால் கனம். 8-க்கு 4 அடி அளவில் 12 மில்லிமீட்டர் தாள் சுமார் 25 கிலோ. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஒக்கூமே மரத்தில் செய்த மரைன் பிளைவுட் அதே அளவுக்குச் சுமார் 17 கிலோ. வள்ளம் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் 300 கிலோவுக்கு மேல் வித்தியாசம். அதாவது என்னுடைய 5 சென்டிமீட்டரில் 3. விலையைக் கேட்டு அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. கடைசியில் உடல்களுக்கு ஒக்கூமே, உள்ளே தடுப்புச் சுவர்களில் பாரம் விழும் இடங்களில் மட்டும் கர்ஜன் என்று முடிவானது. நியூவிக்கின் மூன்றில் நாங்கள் எதை விட்டோம் என்றால், பாதி பணத்தை விட்டோம், பாதி இடத்தை விட்டோம்.

குறுக்கு விட்டங்கள் இரண்டு. மிதவையின் அந்த 15.5 டன்-மீட்டர் முழுவதும் இவை வழியாகத்தான் நடு வள்ளத்துக்கு வருகிறது. அலையில் குலுங்கும்போது அதுவே இரண்டு, மூன்று மடங்காகலாம். நியூசிலாந்துக்காரரான இயன் ஃபாரியர் மிதவைகளை மடக்கும் அமைப்பைக் கண்டுபிடித்தார், டென்மார்க்கின் டிராகன்ஃபிளை டிரைமரான்களில் மிதவைகள் பின்னோக்கி ஒடுங்கும். அழகான வேலை. துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு நடுவே 8.2 மீட்டர் அகலத்துக்கு இடம் கேட்டால் யார் தருவார்கள் என்பதால் நானும் ஆசைப்பட்டேன்தான். ஆனால் மடங்கும் கீலும் பூட்டுமாகச் சேரும் எடை, கடலில் தேயும் மூட்டு, இரண்டும் நீண்ட பயணத்துக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பதிலாக விட்டம் போல்ட்டில் கழலும். அது எப்படியும் தேவை. கொட்டகையிலிருந்து கடற்கரைக்குப் போகும் தெருவில் ஒரு மினி பஸ் வந்தாலே எதிரே வருபவர் வீட்டுத் திண்ணையில் ஏற வேண்டும். மூன்று உடலையும் தனித்தனியே இறக்கி, கரையில் வைத்துத்தான் பூட்ட வேண்டும்.

பத்தில் ஒரு பங்கு மாதிரி ஒன்று செய்து தேங்காய்ப்பட்டணம் பொழியில், ஆறு கடலில் சேரும் இடத்தில், இழுத்துப் பார்த்தோம். நீளம் பத்தில் ஒன்று என்றால் எடை ஆயிரத்தில் ஒன்று. 4,200 கிலோ வள்ளத்துக்கு மாதிரி 4.2 கிலோ. வேகம் மட்டும் பத்தின் வர்க்கமூலத்தால் குறையும். 10 நாட்டுக்கு மாதிரி 3.2 நாட்டில் போனால் போதும், மணிக்கு 6 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கரையோரம் விறுவிறுவென்று நடந்தால் வந்துவிடும். 1870களில் இங்கிலாந்தின் டார்க்கீயில் வில்லியம் ஃப்ரூட் தொட்டி கட்டி நிறுவிய விதி இது, இன்றைக்கும் கப்பல் மாதிரிகளை இப்படித்தான் இழுக்கிறார்கள். அக்கா மகன் நீளமான மூங்கிலின் நுனியில் கயிறு கட்டி நடந்தான். கயிற்றின் நடுவே தூண்டில்காரர்கள் மீன் நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு. உரசல் விசை இந்த விதிக்குக் கட்டுப்படாது என்பதால் தராசில் வந்த கிராமை அப்படியே ஆயிரத்தால் பெருக்கக் கூடாது. நான் பார்க்க நினைத்தது வேறு. சரியான எடையில் மாதிரி போனபோது காற்று வரும் பக்கத்து மிதவை சும்மா தண்ணீரை நக்கிக்கொண்டு போனது, பின்னால் நுரை மெல்லிய கோடாக விழுந்தது. பிறகு அரை கிலோ ஈயக்குண்டுகளை நடுவில் வைத்தோம், பெரிய வள்ளத்தில் 500 கிலோ. மூன்று உடலும் தண்ணீரில் உட்கார்ந்தன. மிதவைகளின் அமரத்தில், அதாவது பின்முனையில், தண்ணீர் சுருண்டு திரண்டது, தராசில் எண் ஏறியது. ஒரு நாட்டுப்படகு கடந்துபோய் அலை கிளப்பியபோது மாதிரி வெடுக்கென்று இரண்டு முறை உதறியது. அக்கா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. “அந்த ரெண்டாவது மெத்தை வேண்டாம், எடுத்துரு” என்றாள் அவளே.

இப்போது அப்பாவுக்கும் எனக்கும் நடக்கும் பேச்சு வங்கு பற்றி, அதாவது கட்டும்போது பலகையை வளைத்துப் பிடிக்கும் சட்டங்கள் பற்றி. நான் அச்சுச் சட்டங்களை 1.2 மீட்டருக்கு ஒன்று என்று வரைந்திருக்கிறேன். “படத்துல பலகை வளையும், கையில வளையாதாக்கும்” என்று அவர் அணியத்தில் 60 சென்டிமீட்டருக்கு ஒன்று கேட்கிறார். அச்சுச் சட்டம் வள்ளத்தோடு கடலுக்குப் போவதில்லை, அதனால் எடைக் கவலை இல்லை, கொடுத்துவிட்டேன். நடு வள்ளத்தின் கோடுகளை முழு அளவில் கொட்டகைத் தரையில் வரைய சிமென்ட் தளத்தை வழித்துச் சுத்தம் செய்தாயிற்று. ஒக்கூமேக்கு முன்பணம் போயிருக்கிறது. பாய்மரத்துக்கு இரண்டு இடத்தில் விலை கேட்டிருக்கிறோம். அலுமினியமா கார்பனா என்று அத்தான் இன்னும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார்.